சர்க்கார் கொள்முதலும் சமரச வழியும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சரக்கை வாங்குவோரில் சர்க்கார் இலாகாக்களுக்கும் பொதுத்துறைக் கழகங்களுக்கும் பெரியதோர் இடம் உண்டு. மருத்துவமனைப் படுக்கை விரிப்பு, மாணவர் சீருடைத் துணி, வேட்டி சேலை என ஆர்டர்கள் வருகின்றன. ஆர்டர் வரும்போது உண்டாகும் மகிழ்ச்சி, பில் தொகை வராது நிற்கும்போது மறைந்துவிடுகிறது. ஊடையின் நெருக்கம் குறைவு என்பார்கள். சாயம் இளகுகிறது என்பார்கள். நூல் காலத்தில் கிடைக்காமையால் நேர்ந்த தாமதத்திற்கு அபராதம் பிடிப்பார்கள். பணம் முடங்கினால் நெசவாளியின் கூலியும் முடங்குகிறது. சங்கம் வாங்கிய காசுக்கடனுக்கு வட்டியோ நிற்பதில்லை.

இத்தகராற்றை எங்கே கொண்டுசெல்வது? அங்கத்தினருக்கும் சங்கத்திற்கும் இடையே எழும் வழக்குகள் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி பதிவாளரிடம் செல்லும் என்பதை நாம் அறிவோம். சரக்கு வாங்கிய இலாகாவோடு உண்டாகும் வழக்கு அப்பிரிவில் அடங்காது. சிவில் கோர்ட்டுக்குச் சென்றாலோ ஆண்டுகள் கழியும்.

ஆகவேதான் பல ஒப்பந்தங்களில் மத்தியஸ்த ஷரத்து ஒன்று சேர்க்கப்படுகிறது. முற்காலத்தில் இந்த ஷரத்தால் வழங்குவோருக்குக் கிடைத்த நன்மை சொற்பமே. 1940ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது, வாங்கிய இலாகாவின் அதிகாரியே மத்தியஸ்தராக அமர்வது வழக்கமாக இருந்தது. வழக்காளியே நீதிபதி ஆசனத்தில் அமர்ந்தால் நியாயம் எவ்வாறு விளங்கும்? 1996இல் புதிய சட்டம் வந்தது. ஆயினும் ஒரு தரப்பின் ஊழியர் மத்தியஸ்தர் ஆகலாகாது என்ற தடை 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே ஏற்பட்டது. பொதுத்துறையும் தனியாரும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில், ஒரு தரப்பே தன்னிச்சையாகத் தனி மத்தியஸ்தரை நியமிக்கும் ஷரத்து அரசியல் சாசனத்தின் 14ஆம் விதிக்கு முரணானது என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. டெண்டரில் அத்தகைய ஷரத்தைக் காணும் காரியதரிசிகள் இதை நினைவில் வைக்கவேண்டும்.

நம் போன்ற சங்கங்களுக்கு இதனினும் நெருங்கிய வழி ஒன்று உண்டு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் கூட்டுறவுச் சங்கத்தையும் தொழில் நிறுவனமாகவே கொள்கிறது. எழுத்து மூலம் தவணை பேசியிருந்தாலும், குறு, சிறு நிறுவனத்தின் சரக்கை ஏற்ற 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைத்தல் கூடாது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்ச ரூபாய் பாக்கி ஓராண்டில் ஏறத்தாழ 1,19,560 ரூபாய் ஆகிவிடும்.

தரக்குறைவு என்னும் ஆட்சேபத்திற்கும் சட்டத்தில் எல்லை வகுக்கப்பட்டுள்ளது. சரக்கு சேர்ந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபிக்காவிடில், சேர்ந்த நாளிலேயே அது ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். எனவே தேதியும் கையொப்பமும் இட்ட ஒப்புகைச் சீட்டு, சங்கத்தின் பெட்டகத்தில் பணத்தைப்போல் காக்கப்பட வேண்டியதாகும்.

பாக்கியைக் கோரும் மனு மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றத்திற்குச் செல்லும். மன்றம் முதலில் இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் பேசும். இணக்கம் ஏற்படாவிடில் மத்தியஸ்தமாக விசாரிக்கும். 90 நாட்களில் முடித்தல் வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் எல்லா மனுவும் அவ்வாறு முடிவதில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் வேறு மத்தியஸ்த ஷரத்து இருப்பினும் இம்மன்றத்தின் வழி அடைபடாது என்று, குஜராத் மாநில உணவுப்பொருள் வழங்கு கழகம் ஒரு தரப்பாக நின்ற வழக்கில் 2022இல் சுப்ரீம் கோர்ட் கூறியது. ஒப்பந்த நாளில் பதிவு பெற்றிராதவர் இப்பயனைக் கோர இயலாது என்றும் அதே தீர்ப்பு உரைத்தது. ஆகவே கட்டணமின்றிக் கிடைக்கும் உத்யம் பதிவை டெண்டருக்கு முன்பே பெற்றுக்கொள்வது உத்தமம். அரிசி ஆலையோ எண்ணெய்ச் செக்கோ நடத்தும் விவசாயிகள் சங்கங்களுக்கும் இது பொருந்தும்.

அதிகாரிகள் ஏன் சமரசத்திற்கு இசைவதில்லை? பெரும்பாலும் பகைமையால் அன்று. தொகையைக் குறைத்தோ கூட்டியோ ஒப்பினால் நாளை தணிக்கையாளர் கேள்வி கேட்பார் என்னும் அச்சமே காரணம். தீர்ப்பென்று ஒன்று வந்துவிட்டால் பொறுப்பு அவர் தோளிலிருந்து இறங்கிவிடும். மன்றத்தின் முன் எழுதப்பட்டு இரு தரப்பும் கையொப்பமிட்ட இணக்க உடன்படிக்கை தீர்ப்புக்குரிய வலிமை உடையது. அதிகாரியும் அதைத் தணிக்கையாளரிடம் காட்டலாம். பேச்சுக்குச் செல்லும் நம்மவர், அவர் கோப்பில் வைக்கத்தக்க தாள்களை, குறிப்பாக நூல் வந்த தேதிக்கான ரசீதையும் துணிப் பரிசோதனைச் சான்றையும், உடன் கொண்டுசெல்வது நலம்.

மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குச் செல்லலாம். ஆனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முன்னதாகக் கட்டியாக வேண்டும். வழக்கு நடக்கும்போதே அதில் நியாயமான ஒரு பகுதியைச் சங்கத்திற்கு வழங்கும்படி கோர்ட் உத்தரவிட வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் 19ஆம் பிரிவில் உள்ளது.