கண் வீங்குதா? கிரீம் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



"மேடம், காலையில எந்திரிச்சா கண்ணு ரெண்டும் ஊதிப்போய் இருக்கு. கண்ணுக்குக் கீழ பை மாதிரி தொங்குது. எந்தக் கிரீம் போட்டா போகும்?" மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் குழுக் கூட்டம் முடிந்த பிறகு தனியாகக் கூப்பிட்டு உறுப்பினர்கள் கேட்கிற கேள்வி இது. அழகாக இருக்க ஆசைப்படுவது தப்பே இல்லை. ஆனால் கண் வீக்கம் சில பேருக்கு வெறும் அழகுப் பிரச்சினை, சில பேருக்கு உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. இரண்டையும் பிரித்துப் பார்க்க நமக்குத் தெரிய வேண்டும்.

கண் மட்டும் ஏன் முதலில் வீங்குது?

நம் உடம்பிலேயே மிக மெல்லிய தோல் கண் இமையில்தான் இருக்கிறது. அதன் அடியில் உள்ள திசு தளர்வாக இருக்கும். அதனால் உடம்பில் கொஞ்சம் நீர் கூடினாலும் அங்கே வந்து தங்கிவிடும். ராத்திரி படுத்திருக்கும்போது நீர் முகத்தில் சேரும். எழுந்து நடமாடினால் கீழே இறங்கும். காலையில் வீங்கி மத்தியானத்துக்குள் வடிவது இதனால்தான்.

சாதாரண காரணங்கள்

1. உப்பு: கருவாடு, ஊறுகாய், அப்பளம் இல்லாமல் நமக்குச் சோறு இறங்காது. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். குழம்பில் ருசி பார்த்த பிறகே உப்பு போடுங்கள்.

2. தூக்கக் குறைவு, அழுகை: விடியுமுன் மீன் வாங்கக் கரைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

3. கடல் தண்ணீர்: பாசி எடுக்கக் கடலில் மூழ்குபவர்களுக்கு உப்புத்தண்ணீர் கண்ணை உறுத்தும். இறுக்கமான கண்ணாடி கண்ணைச் சுற்றி அழுத்தும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் முகம் கழுவுங்கள்.

4. அலர்ஜி: அரிப்போடு வீங்கினால் விறகுப் புகை, தூசி, கண் மை, தலைக்குப் போடும் சாயம் இதில் ஏதாவது காரணமாக இருக்கலாம். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதை நிறுத்துங்கள். கண்ணைக் கசக்காதீர்கள்.

5. வயசும் பரம்பரையும்: கண்ணுக்குக் கீழே உள்ள கொழுப்பைத் தாங்கும் மெல்லிய ஜவ்வு வயசானால் தளரும். கொழுப்பு முன்னால் தள்ளி, நாள் முழுக்கப் பை மாதிரி தெரியும். இது நோய் இல்லை.

உடனே கவனிக்க வேண்டியவை

• சிறுநீரகக் கோளாறு: தினமும் காலையில் முகம் வீங்குது, சாயங்காலம் கால் வீங்குது, சிறுநீர் சோப்புத்தண்ணி மாதிரி நுரைக்குது என்றால் சிறுநீரில் புரதம் கசியலாம். இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

• கர்ப்ப காலம்: 5 மாதத்துக்கு மேல் முகம் திடீரென வீங்கி, கூடவே தலைவலி, பார்வை மங்கல், மேல் வயிற்று வலி இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் ஆபத்து.

• தைராய்டு: வீக்கத்தோடு அசதி, உடல் எடை கூடுதல், மாதவிடாய் மாற்றம் இருந்தால் இரத்தப் பரிசோதனை தேவை.

• ஒரு கண் மட்டும் சிவந்து, வலியோடு, காய்ச்சலோடு வீங்கினால் கிருமித் தொற்றாக இருக்கலாம். கைவைத்தியம் வேண்டாம்.

கிரீமே வீக்கத்துக்குக் காரணம் ஆகலாம்!

நம் பக்கத்து மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை 22 பேருக்கு, புரதம் கசியும் ஒரு வகை சிறுநீரக நோயை மருத்துவர்கள் கண்டார்கள். அதில் 15 பேருக்கு அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமில் இருந்த பாதரசம் தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தைக் கெடுத்திருக்கிறது. கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலோர் தேறினார்கள்.

அதாவது, முகம் பளபளக்கப் பூசியதால் முகமே வீங்கிப் போகலாம். கம்பெனி பெயர், முகவரி, பேட்ச் எண், தேதி, லைசென்ஸ் எண் இல்லாத டப்பாவை யார் கொண்டு வந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். "ஒரே வாரத்தில் வெள்ளையாகும்" என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீமைக் கண் பக்கம் ரொம்ப நாள் தடவினால் தோல் மெலிந்து போகும், கண் அழுத்தமும் புரையும் வரலாம்.

அப்போ என்னதான் செய்யலாம்?

• குளிர்ந்த தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை 10 நிமிடம் கண்மேல் வையுங்கள். வெள்ளரித் துண்டு செய்வதும் இதே குளிர்ச்சி வேலைதான். ஐஸை நேரடியாக வைக்க வேண்டாம்.
• தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்கள்.
• கடையில் விற்கும் கண் கிரீம்கள் சில மணி நேரம் தோலை இறுக்கிக் காட்டும், அவ்வளவுதான். கொழுப்புப் பையை எந்தக் கிரீமும் கரைக்காது.
• பெரிய ஊர்களில் கண்ணுக்குக் கீழே ஜெல் ஊசி போடுகிறார்கள். சில மாதங்கள் தாங்கும். தவறி இரத்தக் குழாயில் இறங்கினால் பார்வையே போகலாம். அழகு நிலையத்தில் ஒருபோதும் போடாதீர்கள்.
• நிரந்தரத் தீர்வு இமை அறுவை சிகிச்சை. இதற்கெனப் பயிற்சி பெற்ற கண் மருத்துவர்கள் இருக்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. அழகுக்காக மட்டும் செய்தால் காப்பீடு பொதுவாகக் கை கொடுக்காது. குழுக் கடன் வாங்கிச் செய்யுமுன் நன்றாக யோசியுங்கள்.

குழுவில் செய்ய வேண்டியது

ஒரு வாரத்துக்கு மேல் வீக்கம் இருக்கும் உறுப்பினரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். கூச்சப்பட்டால் கூடவே ஒருவர் போங்கள். இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் அங்கே காசில்லாமல் பார்ப்பார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடமும் அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்யுங்கள்.

கிரீமுக்குச் செலவழிக்கும் முன் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. இதை அடுத்த கூட்டத்தில் சத்தமாக வாசித்து, எல்லோரும் பேசுங்கள். படிக்கத் தெரியாத அக்காக்களுக்கும் போய்ச் சேரட்டும்.