ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் என்ன ஆகும்?

இந்த மாதம் ஜெகதளாவிலிருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்கிறார். "பெரிய எஸ்யூவி காருக்குக் குட்டையான ஸ்பிரிங் மாட்டித் தாழ்த்துவதை வீடியோவில் பார்த்தேன் மாமா. வீட்டு வாசலிலேயே செய்கிறார்கள். கார் கவிழாமல் நன்றாக ஓடுமாம். எங்கள் ஊருக்கு அது சரிப்படுமா?"

சபாஷ் தம்பி! பார்த்ததை அப்படியே நம்பாமல், நம் ஊருக்குப் பொருந்துமா என்று யோசித்தாய் பார், அதற்கே ஒரு கைதட்டல்.

ஜெகதளாவைத் தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். நீலகிரியில், குன்னூரிலிருந்து உதகைக்குப் போகும் வழியில் அருவங்காடு வரும். வெடிமருந்து செய்யும் கார்டைட் தொழிற்சாலை இருக்கிற இடம். அதை ஒட்டிய மலையூர்தான் ஜெகதளா. சுற்றிலும் தேயிலைத் தோட்டம். சாலை ஒன்று மேலே ஏறும், இல்லாவிட்டால் கீழே இறங்கும். சும்மா நேராகப் போவது குறைவு.

சரி, முதலில் ஸ்பிரிங் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

உன் பள்ளி ஆய்வகத்தில் சுருள்வில் தராசு இருக்கும். அதன் கொக்கியில் 1 கிலோ கேரட்டைத் தொங்கவிடு. ஸ்பிரிங் 1 சென்டிமீட்டர் நீண்டது என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோ தொங்கவிட்டால்? 2 சென்டிமீட்டர். 3 கிலோவுக்கு 3. எடை கூடக்கூட அதே கணக்கில் நீளும். அமுக்கினாலும் இதே கணக்குதான்.

இதைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக். அவர் பலே ஆசாமி! வேறு யாரும் தன் கண்டுபிடிப்பைச் சொந்தம் கொண்டாடிவிடக் கூடாது என்று, 1676-இல் விதியின் எழுத்துகளைப் பிரித்து, அகர வரிசையில் அடுக்கி, புதிராக வெளியிட்டார். யாருக்கும் புரியவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1678-இல், விடையை அவரே சொன்னார். இன்றும் அதை ஹூக் விதி என்றே பாடப்புத்தகத்தில் படிக்கிறோம்.

பெரிய எஸ்யூவி ஒன்று 2 டன் எடை இருக்கும். நாலு சக்கரம், சக்கரத்துக்கு ஒரு ஸ்பிரிங். அப்படியானால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஏறக்குறைய 500 கிலோவைச் சுமக்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் நீளும், மேட்டில் ஏறும்போது சுருங்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் உனக்கு அந்த அடி முழுதாக வந்து சேராது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும் அல்லவா? அந்த ஆட்டத்தை அடக்கத்தான் கூடவே ஷாக் அப்சார்பர். இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் கேரட் பத்தியை இன்னொரு முறை படித்துவிட்டு வா. நான் காத்திருக்கிறேன்.

இனி, காரை ஏன் தாழ்த்துகிறார்கள்?

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைத் தள்ளிப் பார்த்திருப்பாய். எவ்வளவு சாய்த்தாலும் எழுந்து நிற்கும். அதன் கனமெல்லாம் அடியில் இருக்கிறது. ஒரு பொருளின் எடை முழுவதும் ஓரிடத்தில் குவிந்திருப்பதாக நினைத்துக்கொண்டால், அந்த இடம்தான் ஈர்ப்பு மையம். அது தாழ்வாக இருந்தால் பொருள் எளிதில் கவிழாது. எஸ்யூவி உயரமான வண்டி. அதன் ஈர்ப்பு மையமும் உயரத்தில் இருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பினால் வெளிப்பக்கம் சாயும். ஆகவே, தாழ்த்தினால் சாய்வு குறையும் என்று வீடியோவில் சொன்னது உண்மைதான்.

எவ்வளவு குறையும்? இங்கேதான் பென்சிலை எடுக்க வேண்டும்.

இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். அதில் பாதி 75. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். 75-ஐ 75-ஆல் வகுத்தால் 1. இந்த எண் பெரிதாக இருந்தால் வண்டி கவிழ்வது கடினம். வாகனப் பாதுகாப்பைச் சோதிப்பவர்களும் இப்படித்தான் வகுக்கிறார்கள். சாதாரணக் கார்களுக்கு 1.3 முதல் 1.5 வரை வரும். எஸ்யூவிகளுக்கு 1-க்கும் 1.3-க்கும் நடுவில் நிற்கும்.

இப்போது 5 சென்டிமீட்டர் தாழ்த்துவோம். 75-ஐ 70-ஆல் வகு. ஏறக்குறைய 1.07. ஆக, கிடைத்த லாபம் 7 சதவீதம். உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஏன் தெரியுமா? சக்கரமும் அச்சும் பழைய உயரத்திலேயே இருக்கின்றன. ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள பாகம் மட்டும்தான் இறங்குகிறது.

இன்னொரு கணக்கு போடலாமா? வளைவில் வண்டியை வெளிப்பக்கம் சாய்க்கும் தள்ளல், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு 25 பெருக்கல் 25, அதாவது 625. வேகத்தை 20 ஆக்கினால் 400. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயே போய்விட்டது! உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அங்கே 5 சென்டிமீட்டர் தாழ்த்திய வண்டியைவிட, 5 கிலோமீட்டர் வேகம் குறைத்த வண்டிதான் பத்திரமாகப் போகும். செலவும் இல்லை!

தாழ்த்துவதில் நஷ்டமும் உண்டு தம்பி.

ஸ்பிரிங் குட்டையானால், மேலும் கீழும் போய்வர இடம் குறையும். அந்தக் கொஞ்ச இடத்துக்குள் அதே அடியைத் தாங்க வேண்டுமே! அதனால் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை விறைப்பாகச் செய்கிறார்கள். பயணம் தடதடவென்று இருக்கும். உங்கள் ஊர்ச் சாலையில் மழைக்காலம் முடிந்ததும் பள்ளம் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். சட்டப்படி போடும் வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். தெருக்காரர்கள் தாங்களே போடும் மேடுகள் எந்த அளவுக்கும் அடங்காது! மலையூர் வீடுகள் சாலைக்கு மேலேயோ கீழேயோதான் இருக்கும். கீழே உள்ள வீட்டிலிருந்து ஏறி வரும்போது, வாசல் சரிவு முடிந்து சாலை தொடங்கும் முனையில், முன்சக்கரம் சாலையிலும் பின்சக்கரம் சரிவிலும் இருக்கும்போது, வண்டியின் வயிறு அந்த முனையைத் தொட்டுவிடும். உயரமாகப் பிறந்த வண்டிக்கு அந்த உயரம் இங்கே தேவைப்படுகிறது.

தேயிலை மூட்டை ஏற்றும் பொலிரோ பிக்கப்பின் பின்பக்கம் குனிந்து பார். சுருள் இருக்காது. வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். அதுவும் ஸ்பிரிங்தான். பாரம் அதிகம் ஏற்றுகிறவர்கள் இன்னொரு பட்டையைச் சேர்ப்பதுண்டு. மலையில் வண்டிக்காரர்களுக்குத் தாழ்த்தும் ஆசை வருவதில்லை.

சிலர் இருக்கிற ஸ்பிரிங்கையே வெட்டிக் குட்டையாக்குவார்கள். அல்லது சூடுகாட்டி அமுக்குவார்கள். இது மகா தப்பு. ஸ்பிரிங் எஃகை ஆலையில் பக்குவமாகச் சூடாக்கி, குளிரவைத்து உறுதியேற்றியிருக்கிறார்கள். மறுபடி சூடுகாட்டினால் அந்த உறுதி போய்விடும். வெட்டிய ஸ்பிரிங், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது தன் இருக்கையை விட்டே நழுவலாம்.

சரி மாமா, நல்ல ஸ்பிரிங்கை வாங்கி வீட்டில் மாட்டினால்? வேலை பார்ப்பதற்கு எளிதுதான். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, ஷாக் அப்சார்பரின் போல்ட்டை விடுவித்து, அச்சைத் தாழ்த்தி, பழையதை எடுத்துப் புதியதை வைப்பார்கள். முன்பக்கம்தான் ஆபத்து. பெரும்பாலான வண்டிகளில் அங்கே ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் ஷாக் அப்சார்பரைச் சுற்றியே பூட்டப்பட்டிருக்கும். 10 சென்டிமீட்டர் அமுங்கி, 500 கிலோவைத் தாங்கும் ஸ்பிரிங்குக்குள், 25 கிலோ அரிசி மூட்டையை 1 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் ஒளிந்திருக்கிறது. பிடி நழுவினால் அத்தனையும் ஒரு நொடிக்குள் வெளியே வரும். அதனால்தான் அதைப் பிடித்துவைக்கத் தனிக் கருவி வேண்டும், பழகிய கையும் வேண்டும். அதோடு, ஜாக்கி வைக்கச் சமதளம் தேவை. ஜெகதளாவில் அதைத் தேடுவதே பாதி நாள் வேலை!

மாட்டிய பிறகு சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். ஹெட்லைட் விழும் இடத்தையும் திருத்த வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்காமல் கைவைப்பது புத்திசாலித்தனம் இல்லை.

ஆக, என் பதில்: உங்கள் ஊருக்கு அது சரிப்படாது தம்பி. ஆனால் ஸ்பிரிங்கைக் கழற்றாமலே அதை அளக்கலாம். அப்பாவோ அம்மாவோ கூட இருக்கும்போது, சமதளத்தில் கைப்பிரேக் போட்டு நிற்கும் காரின் நாலு சக்கரங்களுக்கு மேலும், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அள. பிறகு வீட்டில் உள்ளவர்களை எல்லாம் ஏறி உட்காரச் சொல்லி மறுபடி அள. நாலு இடத்திலும் எவ்வளவு இறங்கியது என்று சராசரி எடு. ஏறியவர்களின் மொத்த எடையை அந்தச் சராசரியால் வகுத்தால், உங்கள் கார் 1 சென்டிமீட்டர் இறங்க எத்தனை கிலோ வேண்டும் என்று தெரிந்துவிடும். வந்த விடையை, காரின் பெயரோடு எனக்கு எழுது.