தரையோடு தவழ்ந்து வரும் ஆபத்து

கேரள மாநிலம் கண்ணூர் அருகே உள்ளது சாலா என்ற ஊர். 2012-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி இரவு. ஓணத்துக்கு இன்னும் இரண்டே நாள். மங்களூரில் இருந்து சமையல் கியாஸ் ஏற்றி வந்த டேங்கர் லாரி, சாலை நடுவே இருந்த தடுப்பில் மோதியது.

உடனே தீப்பிடிக்கவில்லை. முதலில் கியாஸ் கசிந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் பரவியது. பிறகுதான் தீப்பற்றி டேங்கர் வெடித்தது. 20 பேர் உயிர் இழந்தனர்.

கனமான வாயு

டேங்கரில் இருப்பது அழுத்தம் கொடுத்துத் திரவமாக்கப்பட்ட வாயு. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். அது காற்றை விடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழும்; பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். காற்றில் நூற்றில் இரண்டு பங்கு கலந்தாலே, ஒரு பொறி போதும்.

டேங்கர் கவிழ்ந்தால்

தென் மாநிலங்களில் ஓடும் கியாஸ் டேங்கர்களில் பல, நாமக்கல் லாரிகள். அவற்றை ஓட்டுகிறவர்களில் தமிழர்கள் ஏராளம். அப்படி ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தால் வேடிக்கை பார்க்க நெருங்கக் கூடாது. பீடி, தீக்குச்சி கூடாது. அருகில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. வெண்புகை போலப் பரவும் வாயுவுக்குள் நுழையாமல், காற்று வரும் திசையில் மேடான இடத்துக்கு விலக வேண்டும்.

தீ சுட்டால் டேங்கருக்குள் திரவம் கொதிக்கும். அழுத்தம் ஏறும். சூட்டில் வலுவிழந்த இரும்பு பிளந்துவிடும். தீயணைப்புப் படையினர் தொலைவில் நின்று டேங்கர் மீது தண்ணீர் பீய்ச்சிக் குளிர வைப்பது இதனால்தான்.

ஒரே அறையில்

வெளியூரில் நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் அறையில், சமையலும் படுக்கையும் ஒரே இடத்தில்தான். சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. கசிந்தால், பாய் விரித்துப் படுத்திருப்பவரைத்தான் முதலில் சூழும். சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். இரவில் ரெகுலேட்டரை மூட வேண்டும். ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

இந்த வாயுவுக்கு இயற்கையில் மணம் கிடையாது. எச்சரிக்கைக்காகவே நாற்றம் சேர்க்கிறார்கள். நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் எழுப்பி வெளியே அழைத்து வர வேண்டும். தள்ளி நின்ற பிறகே செல்போனை எடுத்து 1906 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

கசிவுக்கும் தீக்கும் இடையே கிடைப்பது சில நிமிடங்கள்தான். பெட்டியையும் துணியையும் தேடுவதில் அந்த நேரத்தைச் செலவிடக் கூடாது.