கரிசல் காட்டில் ஒரு ரோடு

கோவில்பட்டியில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் வழியில் நாலைந்து 'விலக்கு' வரும். எட்டயபுரம் ரோடு, பசுவந்தனை ரோடு, கழுகுமலை ரோடு எல்லாம் அப்படித்தான். விலக்கில் இறங்கி உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் போனால்தான் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் எங்கள் ஊர் பஸ் விலக்கோடு திரும்பிவிடும். "உள்ள வந்தா வண்டி மாட்டிக்கிடும் தம்பி" என்பார் டிரைவர். அவர்மேல் தப்பில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் காலில் ஒட்டும் மண்ணே ஒரு கிலோ தேறும். ஒரு செமஸ்டர் பரீட்சைக்கு அப்படி நடந்துவந்து அரைமணி நேரம் லேட். போட்டு மூணு வருஷம் ஆகாத தார் ரோடு ஏன் இப்படி ஆகுது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

காண்டிராக்டரை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. (திட்ட வேறு காரணங்கள் உண்டு, அது கிடக்கட்டும்.) கரிசலில் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் அதிகம். மெல்லிய தகடுகளை அடுக்கிய மாதிரி அதன் அமைப்பு. இடையில் தண்ணீர் புகுந்தால் மண் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். பருத்திக்கும் கம்புக்கும் ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொடுக்கிற அதே மண்தான் ரோட்டுக்கு எமன்.

நம்ம லேபிலேயே பார்க்கலாம். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண் பத்துப் பத்து கிராம். ஒரு ஜாடியில் மண்ணெண்ணெய், இன்னொன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர். 24 மணி நேரம் விட்டால் மண்ணெண்ணெயில் மண் சும்மா கிடக்கும். தண்ணீரில் உப்பி மேலே வரும். இந்த வித்தியாசம் 50 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மண்ணை ரோட்டுக்கு அடியில் நிரப்பக் கூடாது. எங்கள் விலக்கு மண் தாண்டிவிட்டது. ஊறவைத்த கரிசலின் சி.பி.ஆர். பெரும்பாலும் 2 முதல் 4 சதவீதம்தான்.

கவனித்திருப்பீர்கள், வெடிப்பு முதலில் ரோட்டின் ஓரத்தில் நீளவாக்கில்தான் வரும். தாருக்கு அடியில் நடுவில் ஈரம் தங்கும். ஓரம் வெயிலில் காயும். பக்கத்தில் சீமைக்கருவேலம் நின்றால் அதுவும் உறிஞ்சும். ஓரம் சுருங்கி இறங்க, நடு அப்படியே நிற்க, இடையில் பிளக்கிறது. அடுத்த மழை அந்தப் பிளவு வழியாகவே உள்ளே போகும்.

வழி இல்லாமல் இல்லை. காய்ந்த எடையில் 3 முதல் 5 சதவீதம் சுண்ணாம்பு கலந்தால் கால்சியம் போய்ச் சேர்ந்து மண்ணின் உப்பும் குணம் குறையும். அல்லது கரிசலுக்கு மேல் உப்பாத சரளை மண்ணைக் கனமாகப் போட்டு இறுக்கலாம். இரண்டுக்கும் செலவு உண்டு. 2000 டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள ஊர்களைக் கணக்கில் எடுத்தது. அதற்கும் சின்ன ஊர்கள் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று.

செலவில்லாத வைத்தியம் தண்ணீரை நிற்க விடாததுதான். 3.75 மீட்டர் அகல ரோட்டுக்கு 3 சதவீத வாட்டம் என்றால் நடு, ஓரத்தைவிட ஐந்தரை சென்டிமீட்டர் உயரம் இருக்கணும். ஓரத்து ஓடையும் திறந்திருக்கணும். எங்கள் ஊரில் டிராக்டர் வாசலுக்கு ஏறுவதற்காக ஓடையை மண் போட்டு மூடியவர்களில் எங்க சித்தப்பாவும் ஒருத்தர். ஜாடி இரண்டையும் காட்டிச் சொன்னேன். "சித்திரை கழியட்டும்டா, குழாய் வாங்கிப் போட்டுருவோம்" என்றிருக்கிறார்.