சுடுவதா, காப்பதா?

நாற்பது ஆண்டுகள் சாக்கட்டியைத் தவிர வேறோர் ஆயுதமும் ஏந்தாத பள்ளி ஆசிரியன் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதா என்று நேயர்கள் வியக்கலாம். நான் சொல்ல வந்தது வேட்டையும் அன்று, போரும் அன்று. முன்னோர் விட்டுச் சென்ற பொருளொன்று நம் கைக்கு வரும்போது, அதைப் பயன்படுத்துவதா, பாதுகாப்பதா என்பதே வினா. பழந்துப்பாக்கியின் திறத்தில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுகின்றது. ஏனெனில், இங்கே தவறான விடைக்கு உயிரே விலையாகக் கூடும்.

அமெரிக்க நாட்டில் பாட்டனாரின் துப்பாக்கி பேரனுக்கு வந்து சேர்வது வழக்கமான நிகழ்ச்சி. அவற்றுள் பல, வின்செஸ்டர் தொழிற்சாலையில் உருவானவை. பேரன் அதைப் பேணி வைப்பதா, தோட்டாவை இட்டுச் சுட்டுப் பார்ப்பதா? விடை காண அவன் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதற்கேள்வி: சுட்டால் தாங்குமா? 1884-இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் போல் வியேல், புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். அதற்குமுன் வழங்கியது, வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கரிமருந்து. புதிய மருந்து குழலுக்குள் எழுப்பும் அழுத்தம், பழைய மருந்தினதைவிட மிகுதியாகக் கூடும். கரிமருந்துக்கென்றே செய்யப்பட்ட பழங்குழலில் அதை இட்டால், குழல் பிளந்து, சுடுபவனின் கையையோ கண்ணையோ பறித்துவிடலாம். ஆகவே, துப்பாக்கித் தொழில் அறிந்தவர் ஒருவர் சோதித்துப் பார்த்து, எம்மருந்துக்கு உரியது என்று சொல்லும்வரை அதில் தோட்டா இடலாகாது. புறத்தே தோன்றும் மெருகு, அகத்தின் உறுதிக்குச் சான்றாகாது.

இரண்டாவது கேள்வி: இது போன்றவை எத்தனை உள்ளன? ஜான் பிரௌனிங் வகுத்த 1894-ஆம் ஆண்டு மாதிரியில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் செய்யப்பட்டன. பாட்டனார் பல்லாண்டு வேட்டைக்குக் கொண்டு சென்று, கட்டை தேய்ந்த அத்தகைய துப்பாக்கி உறுதியாக இருப்பின், பேரன் அதைச் சுடுவதால் உலகுக்கு நட்டமில்லை. சுட்டபின் துடைத்து எண்ணெயிட்டு வைத்தால் போதும்.

மூன்றாவது கேள்வி: சுட்டால் மீளாதபடி அழிவது எது? வின்செஸ்டரின் நூற்றாண்டு நினைவாக 1966-இல் பொன்முலாம் பூசிய துப்பாக்கிகள் விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் பலர் பெட்டியிலேயே பூட்டி வைத்தனர். ஒருமுறை சுட்டதைச் சுடாததாக்க எவராலும் இயலாது, விலையும் குறையும். ஆனால், அவை ஒரு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டவை. அங்கே அழிவது பணமே. அதை உடையவரே முடிவு செய்துகொள்ளலாம்.

பணத்தினும் அரியது அழியக்கூடிய இடமும் உண்டு. 2014 நவம்பரில், நெவாடா மாநிலத்துக் கிரேட் பேசின் தேசியப் பூங்காவின் ஊழியர்கள், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சார்த்தியிருந்த துப்பாக்கியைக் கண்டார்கள். கட்டை வெயிலில் வெளுத்து வெடித்திருந்தது. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. 1873-ஆம் ஆண்டு மாதிரியான அது, 1882-இல் செய்யப்பட்டது. அம்மாதிரியில் 7 லட்சத்துக்கும் மேல் உண்டு; ஆயினும் இதன் கதை வேறெதற்கும் இல்லை. வயோமிங் மாநிலத்தில் உள்ள ஒரு துப்பாக்கிப் பொருட்காட்சிச்சாலையார் அதைப் புதுப்பிக்கவில்லை; உதிரும் மரத்தைப் பசையிட்டு நிறுத்தியதோடு அமைந்தார்கள். எக்ஸ் கதிரால் பார்த்தபோது, கட்டைக்குள் ஒரு தோட்டா தெரிந்தது. அது 1887-க்கும் 1911-க்கும் இடையில் செய்யப்பட்ட வகை. எனவே, துப்பாக்கியை அங்கே விட்டுச் சென்றது 1887-க்கு முன் அன்று என்று தெளிந்தது. துருவைச் சுரண்டிப் புதுக்கட்டை பொருத்தியிருந்தால், அந்தச் சாட்சி நிலைத்திருக்குமா?

இதை எண்ணும்போது என் பிழையொன்று நினைவுக்கு வருகின்றது. பள்ளி ஆண்டு விழாவுக்காகப் பழைய பித்தளை மணியைப் புளியும் செங்கற்பொடியும் இட்டுத் தேய்க்கச் சொன்னேன். மணி பொன்போல் மின்னியது. ஆனால், முன்னரே மங்கியிருந்த, அதை அளித்தவரின் பெயர் முற்றும் மறைந்துபோயிற்று. பிறகு எவரைக் கேட்டும் அப்பெயர் கிடைக்கவில்லை. நாள்தோறும் அடித்ததால் மணிக்குக் கேடு வரவில்லை. ஆராயாமல் தேய்த்ததால் வந்தது.

ஆகவே பயன்படுத்துவது குற்றமன்று; பூட்டி வைப்பது மட்டுமே காப்பும் அன்று. பொருளின் மதிப்பு எங்கே இருக்கின்றது என்று முதலில் அறிய வேண்டும். பாட்டனார் பெயரையும், துப்பாக்கி வந்த வழியையும் ஒரு தாளில் எழுதி வைப்பதும் காப்பதே. ஐயம் தீராதவரை பொறுத்திருப்பதே அறிவு. இன்று காத்து வைத்ததை நாளை சுடலாம். இன்று இழந்ததை நாளை காக்க இயலாது.