வாந்தி என்று வந்த பெண்

அந்தமானில் தண்டவாளம் இல்லை. ஆயினும் இரயில் முன்பதிவு உண்டு, அதற்கு நம்மைப் போன்ற குமாஸ்தாக்களும் உண்டு. சென்னையில் கப்பலிறங்கிக் காட்பாடிக்குச் சீட்டுக் கேட்போருள் பலர் வேலூர் ஆஸ்பத்திரிக்குச் செல்வோர் என்பது நமக்குப் பழகிய செய்தி.

சென்ற ஆண்டு குட்வில் எஸ்டேட்டிலிருந்து தாய் ஒருவர், பதினாறு வயது மகளுடன் அவ்வாறு வந்தார். நல்ல வெயிலிலும் அப்பெண் கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கி நின்றாள்.

"எட்டு மாதமாய்ச் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடுகிறது, தம்பி. ஸ்கேன் எடுத்தாயிற்று, குழாய் விட்டுப் பார்த்தாயிற்று. வயிற்றில் ஒன்றுமில்லை என்கிறார்கள். திருஷ்டி கழித்தும் நிற்கவில்லை" என்றார் அத்தாய். ஓரிடத்தில் 'பெண் நடிக்கிறாள்' என்றே சொல்லி அனுப்பினராம். நாமும் மனத்துக்குள் அப்படித்தான் எண்ணினோம். அதை நினைத்து இன்று நாணுகிறோம்.

இளம்பெண்கள் தாமே உணவைத் துறந்து மெலிவதை 1873ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல்லும், பாரிஸில் லாசேக்கும் தனி நோயாக விவரித்தனர். அளவின்றி உண்டு, பின் வாந்தியெடுத்துக் கழிக்கும் வகையை 1979இல் ஜெரால்ட் ரஸ்ஸல் எழுதினார். மேனாட்டுப் புத்தகங்களில் இந்நோயாளர் 'பருத்துவிடுவேன்' என்று அஞ்சுவர். நம் பிள்ளைகளோ எப்போதும் அவ்வாறு சொல்வதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கோளாறு உடையோர் எனக் கண்ட 41 பிள்ளைகளுள் 35 பேர் மனக்காரணத்தால் வாந்தியெடுத்தவர்கள். தம்மைத் தாமே பட்டினி போட்டோர் அறுவரே. ஆதலின் வயிற்றில் குறையில்லை என்று தெரிந்தபின் நோயே இல்லை என்று முடிவு கட்டுதல் தவறு.

விரதம் நோயாகுமா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். ஆகாது. வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் மேனாட்டு வினாத்தாளைக் கொடுத்து ஆராய்ந்தோர், விரதத்தை நினைத்து அவர்கள் எழுதிய விடைகளை நோய்க்குறி என மயங்க நேர்ந்ததை 1989இலேயே எடுத்துரைத்தனர். ஆனால் திதி கழிந்தும் முடியாத விரதத்தைத் தாய்மார் கவனித்தல் வேண்டும். மாதவிலக்கு நிற்றல், கைகளில் பூனைமயிர், எந்நேரமும் குளிர், மந்தமான நாடி, உண்டவுடன் குளியலறைக்கு விரைதல், விரல் முட்டியில் தழும்பு, பல் தேய்வு, கன்னத்து வீக்கம் ஆகியவற்றுள் சில கண்டாலும் டாக்டரிடம் சொல்லலாம். உடல் மெலியாமலும் இந்நோய் இருக்கும். ஓயாத வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறும்; இது விளையாட்டன்று.

பட்டினியே மனத்தைத் திரிக்கும் என்பதும் அறியத்தக்கது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆடவர்க்கு அரைவயிற்று உணவளித்துப் பார்த்தனர். அவர்கள் சிடுசிடுத்தனர், சோர்ந்தனர், இரவும் பகலும் உணவையே எண்ணினர். இங்ஙனமிருக்க, மெலிந்த பெண்ணைப் பிடிவாதக்காரி என்று திட்டி என்ன பயன்?

அன்பின் மிகுதியால் ஒரே நாளில் விருந்து படைத்தலும் ஆபத்து. நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் உணவு திடீரென ஏறினால் பாஸ்பேட்டு முதலிய உப்புகள் வீழ்ந்து உயிருக்கே கேடாகும். ஆகவே இரத்தம் பரிசோதித்து, படிப்படியாக உணவை ஏற்றுவர். இளையோர்க்கு, பெற்றோரே ஒவ்வொரு வேளையும் அருகிருந்து உண்பிக்கும் முறையை இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையினர் 1980களில் வகுத்தனர். கூட்டாக உண்ணும் நம் வீடுகளுக்கு இது அந்நியமானதன்று.

வேலூரில் அப்பெண்ணுக்கு உணவோடு மனமருத்துவமும் நடந்தது. பள்ளியில் தோழியர் செய்த கேலியையும், பரீட்சைப் பயத்தையும் அங்கேதான் அவள் முதன்முதலாக வாய்திறந்து சொன்னாளாம். பயணத்துக்குமுன் ஆலோசனை வேண்டுவோர் 14416 என்னும் அரசின் டெலி மானஸ் தொலைபேசியில் தமிழிலேயே பேசலாம்.

சென்ற மாதம் மறுபரிசோதனைக்குச் சீட்டெடுக்கத் தாயும் மகளும் வந்தனர். 34 கிலோ இருந்தவள் 41 ஆகியிருக்கிறாள். "இன்னும் வாரத்தில் ஒருநாள் வாந்தி வருகிறது, தம்பி" என்றார் தாய். கம்பளிச் சட்டையைக் காணோம்.