மணலுக்குள் ஒரு தோட்டம் – 9
மழையை அளக்கும் விதை

கலிபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத்தில் 2005இலும் 2016இலும் மஞ்சளாய்ப் பூத்துக் கொட்டியதைப் போன வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் அந்தப் பூக்களை நம்பி வாழும் எறும்பும் கங்காரு எலியும் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் பிரிட்ஸ் வெண்ட் குறுக்கே வந்துவிட்டார்.

வெண்ட் டச்சுக்காரர். தாவர வளர்ச்சி ஊக்கியான ஆக்சினை 1926இல் பிரித்துக் காட்டியவர். அப்போது பகலில் ராணுவ வேலை, இரவில் அப்பாவின் ஆய்வுக்கூடத்தில் ஓட்ஸ் நாற்றுகளோடு மல்லுக்கட்டல். சோதனை பலித்தபோது விடியற்காலை மூன்று மணி. ஓடிப்போய் அப்பாவை எழுப்பினார். அவரும் பெரிய தாவரவியலாளர்தான். நிஜமாக இருந்தால் பகலிலும் பலிக்கும், இன்னொரு முறை செய்துபார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். இப்படி ஓர் அப்பா வாய்த்தால் பிள்ளை விஞ்ஞானி ஆகாமல் வேறென்ன ஆவான்?

பிறகு சில ஆண்டுகள் மழை ஓயாத ஜாவா, 1933இல் கலிபோர்னியா. அங்கே பாலைவனம் அவரைப் பிடித்துக்கொண்டது. பாலை மேல்மண்ணை அள்ளிவந்து பசுமைக்குடிலில் பரப்பி, செயற்கை மழை பெய்வித்தார். அரை அங்குலத்துக்குக் குறைவான மழைக்கு மண்ணிலிருந்த எந்த விதையும் அசையவில்லை. ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று போனபோது முளைத்துத் தள்ளின. இனிமேல்தான் வேடிக்கை. மண்ணை அடியிலிருந்து ஊறவிட்டால், எவ்வளவு ஈரமானாலும் முளைப்பதில்லை! தண்ணீர் மேலிருந்துதான் விழ வேண்டும்.

விதைகளில் முளைப்பைத் தடுக்கும் பொருள் உண்டு. அது தண்ணீரில் கரையும். உப்பு நார்த்தங்காயை அலசுகிற மாதிரி, மேலிருந்து வடியும் மழை அதைக் கழுவிக் கீழே இறக்கினால்தான் விதை கண் திறக்கும். அவ்வளவு மழை பெய்திருந்தால், பூத்துக் காய்த்து விதை உதிர்க்கும் சில வாரங்களுக்கு மண்ணில் ஈரம் நிற்கும். தூறலை நம்பி எழுந்த விதை வம்சமற்றுப் போயிருக்கும்.

அதோடு விடவில்லை வெண்ட். அதே மண்ணைக் குளிர்ச்சியில் நனைத்தால் குளிர்காலச் செடிகள், வெப்பத்தில் நனைத்தால் கோடைச் செடிகள். ஒரே பிடி மண்ணில் இரண்டு தோட்டங்கள். நெருக்கமாக முளைத்தால் கட்டைவிரல் உயரம்கூட வளராமல், ஒற்றைப் பூவோடு ஒவ்வொன்றும் கடமையை முடித்துக்கொள்ளும்.

நல்ல மழையிலும் எல்லா விதையும் எழுவதில்லை. ஒரு பங்கு உறங்கியே கிடக்கும். அடுத்த ஆண்டு பொய்த்தாலும் குலம் தப்பும். பூவே இல்லாத ஆண்டுகளில் எலிக்கும் எறும்புக்கும் சோறு போடுவது மண்ணுக்குள் கிடக்கும் இந்தக் களஞ்சியம்தான்.

எலி என்றதும் நினைவு வருகிறது. அரிசோனாவில் போர்ட்டல் அருகே சூழலியலாளர் ஜேம்ஸ் பிரவுன் 1977இல் வேலி போட்டுக் கங்காரு எலிகளை மட்டும் வெளியே நிறுத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தப் புதர்நிலம் புல்வெளியாகிவிட்டது. எலி போனதும் புல் எப்படி வந்தது என்பதற்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை; ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அடுத்த வாரம் எலிகள்தான், நிச்சயமாக.